அப்பாவின் மேல் எண்

ஜனவரி 11

தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற பழக்கம் நமக்குள் விட்டுப்போயிற்று. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குக் கழுத்தில் இடப்பக்கக் கட்டியையும் எடுத்துவிட்டார்கள். வலப்பக்கம் எடுத்தது போன வருஷம். அப்போதும் உனக்கு எழுதினேன், நீதான் பதில் போடவில்லை. இரண்டும் புற்று இல்லையாம். தையல் ஆறிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வேறொன்று தொடங்கியிருக்கிறது.

அவருக்குப் பிரஷர் உண்டென்பது உனக்குத் தெரியாததா? எத்தனை வருஷ மாத்திரை! ஆனால் இது அது இல்லை. நேற்று பக்கத்து வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டது, அவ்வளவுதான். முகம் சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பிரஷர் மெஷின் பட்டையைக் கையில் கட்டிப் பார்த்தால் மேல் எண் இருநூற்று நாற்பது. கொஞ்ச நேரத்தில் அசந்து தூங்கினார். அப்போது எண்பத்தைந்து. போய்விட்டாரோ என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

டாக்டர் சொன்னது இதுதான்: "கழுத்து நரம்பு போயிருக்கு. இனிமே அதிர்ச்சி, கோபம், சத்தம் எதுவும் ஆகாது. பக்குவமா பாத்துக்குங்க." சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காலமெல்லாம் ஏலக்கடையில் நின்று தொண்டை கிழியக் கத்திய மனுஷரை நான் பக்குவமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மணிச் சத்தத்துக்கு ஏறுகிறதென்று போனைத் துண்டித்துவிட்டேன். என் தையல் மெஷினுக்கும் அதே கதி. பின்னறையில் போர்வை போர்த்திக் கிடக்கிறது. திரைச்சீலை வாங்கும் இரண்டு ஹோட்டல்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. ஆள் உயரத் திரைக்குக் கையால் ஓரம் அடித்து எப்போது முடிப்பது?

நீ எலியை வைத்து ஆராய்வது இந்தப் பிரஷரைத்தானே. என்ன செய்ய வேண்டுமென்று எழுது. வருவாயா என்று கேட்கமாட்டேன். அம்மா போனபோதே வராதவன்.

அக்கா


ஜனவரி 29

அக்கா,

குழாய் ஒழுகினால் குழாய்க்காரனைத் தேடுவதுபோல என்னைத் தேடியிருக்கிறாய். பரவாயில்லை, இந்தக் குழாய் வேலை எனக்குத் தெரியும்.

கழுத்தின் இரு பக்கமும் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில், குழாய்ச் சுவருக்குள்ளேயே நரம்பு முனைகள் இருக்கின்றன. ரத்தம் முட்டிக்கொண்டு வந்து சுவர் விரிந்தால் அவை மூளைத்தண்டுக்குச் சொல்லும். மூளை உடனே இதயத்தை அடக்கும், குழாய்களைத் தளர்த்தும். நீ படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போதும், யாராவது உன்னை அதட்டும்போதும் இது நடக்கிறது, உனக்கே தெரியாமல்.

பிரஷர் உள்ளவர்களிடம் செய்தி போகும், மூளைதான் அதை மதிக்காது. நூற்று எழுபதுதான் நியாயமான அளவு என்று முடிவுகட்டிக்கொண்டு, அதிலிருந்து இறங்கவிடாமல் காவல் காக்கும். மூளைத்தண்டில் கடுகளவு இடத்தில் எது அந்தச் செய்தியை மழுங்கடிக்கிறது என்று பார்ப்பதுதான் என் எலிகளின் வேலை. அவற்றை ஒரு குழாய்க்குள் அடைத்து முகத்தில் காற்றை ஊதுவோம். எரிச்சலில் ஏறும். எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று குறித்துக்கொள்வோம்.

அப்பாவுக்கு இப்போது செய்தியே போகவில்லை. கட்டியோடு சேர்ந்து இரண்டு பக்க நரம்பும் போய்விட்டன. பிரேக் இல்லாத வண்டி. படித்ததும் சிரித்துவிட்டேன், திட்டாதே. அவருக்குப் பிரேக் எப்போது இருந்தது? எனக்கு இங்கே படிக்க இடம் கிடைத்த அன்று என் புத்தகங்களைக் கூடத்தில் அடுக்கி, உறவுக்காரர்களுக்கு ஏலம் போட்டாரே, அன்று இருந்ததா?

தோளில் ஒட்டுகிற மருந்துப் பிளாஸ்திரி ஒன்று இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு வாங்கு. வாரத்துக்கு ஒன்று. தலைப்பக்கம் கட்டிலை உயர்த்து.

இன்னொன்று. மனிதர்களிடம் இது அபூர்வம். எது நடக்கும்போது எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து எழுது. தனியாக எதுவும் செய்ய வேண்டாம், நாள்தோறும் வீட்டில் நடப்பது போதும்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

பிளாஸ்திரி வாங்கி ஒட்டிவிட்டேன். கொஞ்சம் கேட்கிறது. முன்பு இருநூற்று நாற்பது ஏறிய இடத்தில் இப்போது இருநூற்றுப் பத்து.

நீ கேட்டதையும் பார்த்தேன். காபி ஆறிப்போயிருந்தால் நூற்றுத் தொண்ணூறு. செய்தித்தாள் தாமதமானால் அதற்கும் மேலே. நான் சிரித்தால் இருநூறு. எதற்குச் சிரித்தேன் என்று கேட்காதே, சிரிப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது? கடைக்குப் போய்த் தாமதமாக வந்தால் வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "போட்டுப் பாரு. நான் செத்தா உன்னாலதான்னு எழுதி வெச்சுட்டுச் சாகறேன்."

முன்பு வாய்க்கு வாய் ஒரு வார்த்தையாவது திருப்பிச் சொல்வேன். இப்போது அதற்கும் வழியில்லை. அவருக்குக் கோபம் வந்தால் கொலைப்பழி என் தலையில் விழும். என்னைப் பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனவர்களின் முதுகுக்குப் பின்னால், வாசலில் நின்று, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்... கேக்க ஆளில்ல" என்று ஏலம் சொன்ன வாய் இது. அப்போது நீ உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு ஞாபகம் இருக்காது.

சோபாக்காரர் என்று ஒருவர். மெத்தை, சோபா உறை தைப்பவர். மனைவி இல்லை. அவர் தைக்கிற வீடுகளுக்கே திரைச்சீலை ஆர்டரும் எனக்கு வாங்கித் தருவார். துணி கொடுக்க வரும்போது கொஞ்சம் நின்று பேசுவார். என்ன பேசுவார், துணி பற்றித்தான். போன வாரம் அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். பிளாஸ்திரி இருந்தும் இருநூற்று முப்பது. மூக்கில் ரத்தம். சோபாக்காரர்தான் தாங்கிப் பிடித்துப் படுக்கவைத்தார். போகும்போது, "பெரியவர் உயிரோட நாம விளையாடக் கூடாதுங்க. அவர் தேறட்டும், அப்புறம் வரேன்" என்றார்.

இவர் தேறுவாரா? அதை மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 9

அக்கா,

தேறமாட்டார். அறுந்த நரம்பு திரும்ப முளைக்காது. ஆனால் இப்படியே பல வருஷம் இருக்கலாம்.

உன் எண்களை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அந்த மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இது தங்கம். உன் வீட்டிலேயே வெச்சுக்கிட்டு எலியைக் கட்டிக்கிட்டு அழறியே" என்றார். எலிக்கு நாங்கள் நரம்பை வெட்டித்தான் பார்க்க முடியும். அதனிடம் கணக்குப் போடச் சொல்லவோ, பழசை நினைவூட்டவோ முடியாது. இதை எழுதி வெளியிட்டால் எனக்கு இங்கே நிரந்தர வேலை கிடைக்கும். அப்பாவுக்கும் சரியான மருந்தளவு தெரியவரும்.

மூன்று காரியம் செய். ஒன்று, பட்டை கட்டியபடியே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல். இரண்டு, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கையை அமுக்கிவைக்கச் சொல். எதுவும் செய்வதற்கு முன்னால் ஒரு எண், செய்யும்போது ஒன்று, முடிந்தபின் ஒன்று. மூன்றாவது, முன்னறிவிப்பு இல்லாமல் என் பேச்சை எடு. எவ்வளவு ஏறுகிறதென்று பார்.

பயமாக இருந்தால் விட்டுவிடு. நீ சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளிதான்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

பயந்தாங்கொள்ளி எழுதுகிறேன். மூன்றும் ஆயிற்று.

பட்டையைக் கட்டிவிட்டு, "அப்பா, நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லுங்க. டாக்டர் கேக்கச் சொன்னாரு" என்றேன்.

"எனக்கே கணக்கா? ஏலத்துல வாயாலேயே கோட்டை கட்டினவன்டி நான்."

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஓட்டமாக வந்தார். அடுத்தது எழுபத்து மூன்று என்றார்.

"தப்பு."

அவரைப் பார்த்து அந்த வார்த்தையை நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

"என்னடி தப்பு?"

"எழுபத்திரண்டு. திரும்பவும் நூறுலேர்ந்து வாங்க."

இருநூற்றுப் பதினைந்து. பனிக்கட்டி நீரில் கை வைத்தபோது இருநூற்று முப்பது. கையை எடுக்கப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்து அமுக்கிக்கொண்டேன். துடைத்து, இறங்கும்வரை காத்திருந்து, பிறகு உன் பேச்சை எடுத்தேன். "எலி டாக்டர் லெட்டர் போட்டிருக்கான்." உன்னை அவர் அப்படித்தான் சொல்வார், தெரியும்தானே.

"அந்த நாய் பேர இந்த வீட்டுல எடுக்காதன்னு சொல்லியிருக்கேன்ல? எடு, இந்தக் கருமத்தக் கையிலேர்ந்து எடு!"

இருநூற்று ஐம்பத்திரண்டு. அவரும் எட்டிப் பார்த்துவிட்டார். கத்திக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"எவ்வளவு அது?"

"இருநூத்தி ஐம்பத்திரண்டு."

"செத்துருவேனா?"

"கத்தினா."

அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. எனக்கு வயிற்றுக்குள் ஜில்லென்று இருந்தது. வெயிலில் நடந்து வந்து தண்ணீர் குடித்தால் இருக்குமே, அப்படி.

இப்போது நான் பட்டையைக் கையில் எடுத்தாலே குரல் இறங்கிவிடுகிறது. காபி ஆறியிருந்தாலும் குடிக்கிறார். "மெல்லப் போடும்மா, இறுக்காத" என்கிறார். 'அம்மா' என்கிறார் என்னை! போன திங்கட்கிழமை தையல் மெஷின் மேலிருந்த போர்வையை எடுத்துவிட்டேன். ஒரு பார்வை பார்த்தார். "ஏறுது பாருங்க" என்றேன், பட்டை கட்டாமலேயே. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவ்வளவு எளிதென்று தெரிந்திருந்தால், பிரஷர் மெஷின் ஒன்றை நமக்குப் பள்ளிக்கூட வயதிலேயே வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

உன்னைப் பற்றி நான் நினைத்திருந்தது தவறு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றவர்கள்கூட இவ்வளவு சுத்தமாக எடுத்துத் தரமாட்டார்கள்.

பனிக்கட்டிக்கு இருநூற்று முப்பது, எனக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு. அந்தத் தாளை மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். என்னைத் தலைமுழுகிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்!

ஒரு குறை. பேராசிரியர் கேட்டார், நியாயமான கேள்விதான். பிளாஸ்திரி மருந்து மூளைத்தண்டுக்கே போய் வேலை செய்கிறது. அது தோளில் இருக்கும்வரை நாம் பார்ப்பது பாதி அப்பா, பாதி மருந்து. அதை எடுத்துவிட்டு மூன்று நாள் எண்கள் வேண்டும். திடீரென்று நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட எதிர்த்து ஏறும், எலிகளிடம் பார்த்திருக்கிறோம். நீ கூடவே இருக்கிறாய், அதனால் கவலையில்லை. அதிகம் என்று தோன்றினால் புதிதாக ஒன்றை ஒட்டிவிடு.

டாக்டரிடம் சொல்ல வேண்டாம். அவருக்கு இதெல்லாம் புரியாது, வீணாகப் பயப்படுவார்.

எடு என்று நான் சொல்லவில்லை. எடுத்தால் என்ன தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். முடிவு உன்னுடையது.

தம்பி


மே 12

தம்பிக்கு,

முடிவு என்னுடையதுதான். எடுத்தேன். "புதுசு ஒட்டணும், கொஞ்சம் ஆறட்டும்" என்றதும் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இப்போதெல்லாம் சொன்னால் கேட்கிறாரே.

முதல் நாளும் இரண்டாம் நாளும் எடுத்த எண்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் நாள் காலையில் தலைவலி என்றார். வியர்த்துக் கொட்டியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இருநூற்று அறுபது. "அந்தப் பிளாஸ்திரிய ஒட்டிடேன்மா" என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார். சாயங்காலம் ஒட்டுகிறேன் என்றேன். நீ மூன்று நாள் என்று எழுதியிருந்தாய், அரைகுறையாக அனுப்பினால் பயந்தாங்கொள்ளி என்பாய்.

மதியம் பின்னறையில் ஒரு பெரிய திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "மெஷின நிறுத்து. தல வெடிக்குது" என்றார். வாய் குழறியது, ஆனால் புரிந்தது. நான் நிறுத்தவில்லை. பின்னால் அவர் விழுகிற சத்தம் கேட்டது. அந்த ஓரத்தைக் கடைசி வரை அடித்து, நூலை வெட்டிவிட்டுத்தான் திரும்பினேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. அதை மட்டும் நான் குறிக்கவில்லை.

மூளைக்குள் ரத்தக்கசிவு. உயிர் தப்பிவிட்டது. வலது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, இனி வராது என்கிறார்கள். பேசுவது புரிகிறதாம். மருத்துவமனையில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் நான்.

"தோள்ல பிளாஸ்திரியே இல்லையேம்மா? யார் எடுத்தது?"

"அரிக்குது அரிக்குதுன்னு அவரே பிச்சுப் போட்டுட்டாரு டாக்டர். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு கண்ணும் என் முகத்தில். அசையவில்லை, முனகவில்லை. தலைமாட்டில் இருந்த மானிட்டர் திரையில் எண் மட்டும் ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் ஓடி வந்து, "வலி போல, பாவம்" என்று சொல்லி ஊசி போட்டாள். அது வலி இல்லையென்று அந்த அறையில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

அக்கா


மே 30

அக்கா,

படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நம்பினால் நம்பு.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அதிகம் என்று தோன்றினால் ஒட்டிவிடச் சொல்லித்தான் எழுதியிருந்தேன். காலையில் இருநூற்று அறுபதைப் பார்த்தாய், கேட்டும் ஒட்டவில்லை. என் கடிதத்தை எடுத்து மறுபடி படித்துப் பார். விழுந்தபின் நீ என்ன செய்தாய் என்பதை எனக்கு எழுதியிருக்கவே வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?

இப்போது வர இயலாது. அடுத்த மாதம் பெரிய மாநாட்டில் இந்தக் கட்டுரையைப் படிக்கிறேன். அப்பாவின் பெயர் எங்கும் வராது. 'முதியவர் ஒருவர்' என்றுதான் இருக்கும். வேலையும் அநேகமாக உறுதியாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

ஒரு சின்ன விஷயம். டாக்டரிடம் நீ அப்படிச் சொன்னபோது திரையில் ஏறியதென்று எழுதியிருக்கிறாய், எவ்வளவென்று எழுதவில்லை. பேச்சும் அசைவும் இல்லாதபோது மனது மட்டும் எவ்வளவு ஏற்றுகிறது என்பதற்கு அதைவிடச் சுத்தமான சான்று கிடைக்காது. சொல்வதற்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு? நினைவிருந்தால் எழுது.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நினைவிருக்கிறது, இரண்டு எண்ணும். எழுதமாட்டேன். அது அவர் என்னிடம் சொன்னது.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பின்னறையில், தையல் மெஷினுக்கு எதிரே கட்டில் போட்டிருக்கிறேன், தைத்துக்கொண்டே பார்த்துக்கொள்ளலாமென்று. மெஷினை ஓட்டினால் கொஞ்சம் ஏறுகிறது. நான் பேசினால் இன்னும் ஏறுகிறது. உன் மாநாட்டைப் பற்றிச் சொன்னேன், பையன் பெரிய ஆளாகிவிட்டான் என்றேன். பட்டை கட்டித்தான் இருந்தது. எண் அசையவே இல்லை. நூற்று நாற்பதிலேயே கிடந்தது. பொய் இல்லை, திரும்பவும் போட்டுப் பார்த்தேன். சுவரில் ஒட்டியதை எடுத்துவிடு.

சோபாக்காரரை நானே சொல்லியனுப்பி வரவழைத்தேன். இனித் தடுக்க யார் இருக்கிறார்கள்? நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பழமெல்லாம் வாங்கி வந்தார். அப்பாவின் அருகே உட்கார்ந்து அந்த விழாத கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருக்கீங்க பெரியவரே" என்று கேட்டார். அது சூப் கொடுக்கிற நேரம். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார், வேற்று ஆள் எதிரில் கழுத்தில் துண்டு கட்டி ஊட்டுவது பிடிக்கவில்லை. நான் கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டேன்.

"வேணாமா? சரி. அப்ப நாளைக்குப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டுப் பட்டையைக் கட்டினேன். எண் ஏறியது. சோபாக்காரரைச் சிரிக்கவைக்கலாம் என்றுதான், சத்தியமாக அதற்காகத்தான், பிரஷர் மெஷினை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "பாருங்க, என்னைத் திட்டுறாரு. நூத்தித் தொண்ணூறு வந்தா 'சனியனே'ன்னு அர்த்தம். இருங்க, இன்னும் கெட்ட வார்த்தையெல்லாம் வரும்."

அவர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, சூப்பை ஊதி ஊதி முழுவதும் ஊட்டினார். அப்பா குடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அதையும் அவரே துடைத்துவிட்டார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம், "எப்ப வருவீங்க? இனிமே அப்பாவப் பத்திப் பயப்பட வேண்டியதில்லையே" என்றேன்.

மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

"உங்க அப்பாவுக்கு நான் எப்பவும் பயந்ததில்லீங்க" என்றார்.

அதற்குப் பிறகு வரவில்லை. என்னிடம் இருந்த அவருடைய துணிகளை ஓர் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், முதுகில் புண் வந்துவிடும். என்னைத் தவிர யாரும் இல்லை. அவருக்கும்தான்.

அக்கா